மாரியப்பன் உயிரோடு இருப்பதற்கான ஆதாரம்

வருடத்துக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதை மாரியப்பன் நிரூபித்தாக வேண்டும். பி.எஃப். பென்ஷன் வாங்குகிற எல்லாருக்கும் உள்ள தலையெழுத்துதான். நவம்பர் பிறந்ததும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜெரினாக்காட்டிலிருந்து நடந்தே இறங்கி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கலாவதியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருவார். அங்கே ஒரு சின்னக் கருவியில் கட்டைவிரலை வைக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் ஹோட்டல் மாடிப்படிகளில் வெந்நீர் வாளி தூக்கிய விரல் அது. ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்ததால் கருவி அவரை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. கலாவதி ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுவாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பச்சை விளக்கு எரியும்.

"இருக்கறீங்கய்யா" என்பாள் கலாவதி.

ஏழு வருடமாக அதே கேலி. ஏழு வருடமாக அவரும் அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளில் அவர் இருப்பதைப் பற்றிப் பேச வேறு ஆள் கிடையாது. காலையில் ஒரு வேளை சோறு வடித்தால் அதுவே ராத்திரிக்கும் ஆயிற்று. சாயங்காலம் ஏரிப் பக்கம் போய், படகுக்கு வரிசையில் நிற்கும் ஜனங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவார். சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர். சொந்தம் என்று இருந்ததெல்லாம் மனைவி கமலாவின் ஊரான குப்பனூரில்தான். கமலா போனபிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுவிட்டது. அறுபது வயதில் ஓய்வு பெறும் வரை ஹோட்டலில் அவருக்குப் பெயர் 'ரூம் பாய்'. இப்போது எழுபத்திரண்டு வயதில் அவரைக் கூப்பிட எந்தப் பெயரும் யாருக்கும் தேவைப்படவில்லை.

போன நவம்பரில் பச்சை விளக்கு எரிந்தபிறகும் கலாவதி அந்தக் கேலியைச் சொல்லவில்லை. சான்றிதழை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்கய்யா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க பையனைப் பத்தி கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் இருக்குதுங்க. அதுல உங்களையும் போட்டுருக்கறாங்க."

மாரியப்பனுக்கு ஒரே மகன், அருண்குமார். சென்னையில் அரசியல் ஊடக ஆலோசகன். எந்தக் கட்சி கூப்பிடுகிறதோ அந்தக் கட்சிக்கு என்ன பேச வேண்டும், போஸ்டரில் எந்த வாசகம் வர வேண்டும், தலைவர் எந்தக் கையை உயர்த்திக் கும்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. தேர்தல் வந்தால் டிவி விவாதங்களில் தவறாமல் உட்கார்ந்திருப்பான். இதெல்லாம் கடைவீதிக்கே தெரியும். ஆனால் அவரிடம் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவரே டிவியில் மகன் வந்தால் சேனலை மாற்றமாட்டார், சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவார். அவன் குரலைக் கேட்பதில்லை என்று சொன்ன சொல் சொல்தானே. முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை.

கலாவதி திரையை அவர் பக்கம் திருப்பினாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. மகனுடைய படம், பிறந்த வருடம், வேலை பார்த்த தேர்தல்கள் எல்லாம் இருந்தன. 'குடும்பம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி. மாரியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

'இவருடைய தாய் கமலாவும் தந்தை மாரியப்பனும் ஒரே வாரத்தில் மறைந்தனர்.'

வரியின் முடிவில் குட்டியாக ஓர் எண் இருந்தது. அதுதான் ஆதாரமாம். கலாவதி அதை அழுத்தினாள். ஒரு வாரப் பத்திரிகைக்கு அருண்குமார் கொடுத்த பேட்டி திறந்தது. 'அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை' என்று சொல்லியிருந்தான்.

கலாவதிக்குத்தான் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனை இப்படியா எழுதுவார்கள் என்று பொரிந்து தள்ளினாள். மாரியப்பனுக்குக் கோபம் வரவில்லை. அது எந்த வாரம் என்று அவருக்குத் தெரியும். அந்த வாரத்தில் தான் எந்த நாள், எத்தனை மணிக்குப் போனோம் என்பது வரைக்கும் தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முந்திய தேர்தல் சமயம். அருண்குமாருக்கு அதுதான் முதல் பெரிய வேலை, தெற்கே ஏதோ ஒரு மாவட்டத்தில். சேலம் ஆஸ்பத்திரியில் கமலா கிடந்தாள். போன் போட்டால், ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன், இரண்டே நாள்தான் அப்பா என்றான். கமலாவுக்கு அந்த இரண்டு நாள் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மலைக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். கொள்ளியை மாரியப்பன் வைத்தார். வியாழக்கிழமை காலையில் பத்து மணி பஸ்ஸில் மகன் வந்து இறங்கினான். முதுகில் பை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை.

வாசலில் நுழைந்தவனை மாரியப்பன் உள்ளே விடவில்லை. குப்பனூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டார். தலைமுழுகுவது என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுடுகாட்டுக்குப் போய்வந்து குளிக்கிற குளியல் அது. உயிரோடு இருக்கிற ஒருவனுக்காக அதைக் குளித்தால், அவனையும் எரித்தாயிற்று என்று அர்த்தம். எனக்குப் பிள்ளையும் இல்லை, அவன் குரலை இனி இந்தக் காதால் கேட்கமாட்டேன் என்று நனைந்த வேட்டியோடு நின்று சொன்னார். கமலாவின் தம்பி வாயைப் பொத்த வந்தான், அவனையும் தள்ளிவிட்டார். அருண்குமார் ஈரத் தரையைப் பார்த்தான். வந்த பையோடு திரும்பி நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவனும் போன் செய்யவில்லை, இவரும் செய்யவில்லை. வீம்புக்கு வயதாகாது, இவருக்குத்தான் ஆயிற்று. தனியாகக் கிடந்து யோசிக்க யோசிக்க, மாரியப்பனுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வர ஆரம்பித்தது. அருண்குமார் பிறந்த நாள். மே மாதம், மலர்க் கண்காட்சி சமயம், ஹோட்டலில் ஓர் அறை காலியில்லை. கீழே சேலத்தில் கமலாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று தகவல் வந்தது. கூட்டம் குறையட்டும் என்றார் மேனேஜர். மூன்றாவது நாள்தான் மாரியப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வேலை அப்படி, என்ன செய்ய, என்றார் கமலாவிடம். கமலா எந்தக் குடத்தையும் தூக்கவில்லை. பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

இந்தக் கதையெல்லாம் கலாவதிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தப்பு என்றால் திருத்த வேண்டும். அவர் கண்ணெதிரிலேயே 'தந்தை மாரியப்பனும்' என்பதை அழித்து, கமலா மட்டும் மறைந்ததாக மாற்றினாள். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பழையபடி அது திரும்பி வந்துவிட்டது. ஆதாரமுள்ள தகவலை நீக்கக் கூடாது என்று வெங்கடேஷ் என்ற தன்னார்வலர் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். கட்டுரையில் வரும் ஆளுக்கு வேண்டியவர்கள் தாங்களே கைவைக்காமல், கட்டுரையை ஒட்டி இருக்கும் உரையாடல் பக்கத்தில் கோரிக்கை எழுத வேண்டும்; எழுதும்போது அவருக்குத் தாங்கள் என்ன உறவு என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்றும் அதில் பணிவாகக் கேட்டிருந்தார்.

கலாவதி தட்டச்சுக்குத் தயாராக விரல்களை வைத்துக்கொண்டு, உறவு என்ன என்று போடட்டும் என்று கேட்டாள். கேட்கவே தேவையில்லாத கேள்வி. மாரியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார், மஃப்ளரைச் சரிசெய்தார், அப்புறம் வருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜெரினாக்காடு வரைக்கும் பனிமூட்டம். எதிரில் வந்த ஜீப் கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது. பத்துப் பேர் முன்னால் இல்லை என்று சொன்ன உறவை, உலகமே படிக்கிற இடத்தில் உண்டு என்று எழுதச் சொல்கிறார்கள். சொன்ன சொல் என்ன ஆவது? ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பேர் அவரை நினைப்பதே இல்லை. அது தெரிந்தும், கடைக்குத் திரும்ப அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

"அப்பான்னே போடுங்க அம்மிணி" என்றார்.

அந்த வார்த்தையை வாயால் சொன்னதும் வாசலில் நின்று பஸ்களைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பதில் வந்திருந்தது. வணக்கம் ஐயா என்று தொடங்கி, நீங்கள் நலமோடு இருப்பது மகிழ்ச்சி என்று சொல்லி, ஆனால் அதற்கு அச்சில் வெளிவந்த ஆதாரம் வேண்டும் என்று முடித்திருந்தார் வெங்கடேஷ். மாரியப்பன் உற்சாகமாகிவிட்டார். ஆதாரம்தானே? வருடா வருடம் எடுத்து வைப்பதே அதைத்தானே? வீட்டுக்கு ஓடாத குறையாகப் போய், ஏழு வருடத்து உயிர்வாழ் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்று போதாது, ஏழையும் அனுப்புங்கள் என்றார். கலாவதியும் ஏழையும் ஸ்கேன் செய்து அனுப்பினாள்.

வெங்கடேஷ் பதறிப்போய் அன்றைக்கே எழுதினார். அவற்றில் உங்கள் பென்ஷன் எண் எல்லாம் இருக்கிறது, உடனே நீக்கிவிட்டேன், இப்படிப் பொதுவில் போடாதீர்கள். தவிர இவை உங்கள் சொந்தக் காகிதங்கள், செய்தி அல்ல. பத்திரிகையிலோ புத்தகத்திலோ யாராவது உங்களைப் பற்றி எழுதியிருந்தால் அது போதும். உங்கள் நிலைமை புரிகிறது, மன்னியுங்கள்.

நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. செத்துப்போனதாக மகன் சொன்னதைப் பத்திரிகை போட்டிருக்கிறது. சாகவில்லை என்று எந்தப் பத்திரிகையும் போடவில்லை. மாரியப்பன் மாதிரி ஆட்களைப் பத்திரிகை எதற்குப் போடப்போகிறது? கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுகிற அன்றைக்குத்தான் அவர்கள் பெயரை அச்சில் பார்க்கலாம். அதைப் பார்க்க அவர்கள் இருப்பதில்லை.

வழி கண்டுபிடித்தது கலாவதிதான். தினசரி ஒன்றுக்கு ஏற்காட்டுச் செய்தி அனுப்புகிற கோபி அவள் கடையில்தான் படங்களை ஏற்றுவான். டிசம்பரில் 'ஏற்காட்டில் கடும் குளிர்' என்று வருடம் தவறாமல் ஒரு செய்தி போடுவான். அதில் யாராவது ஒரு பெரியவர் மஃப்ளரோடு நின்று குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த வருடத்துப் பெரியவராக மாரியப்பனை நிறுத்தினாள்.

"இதென்ன குளிருங்க? எண்பதுல நான் வந்தப்ப இருந்ததுல பாதி கூடக் கிடையாதுங்க" என்றார் மாரியப்பன், உள்ளதை உள்ளபடி. கோபி தலையாட்டிக் குறித்துக்கொண்டான். மாரியப்பன் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு மட்டும் சேத்திப் போட்டுருங்க தம்பி. அரசியல் ஆலோசகர் அருண்குமாரோட அப்பான்னு."

மூன்றாம் நாள் சேலம் பதிப்பில் படத்தோடு வந்துவிட்டது. 'அரசியல் ஆலோசகர் அருண்குமாரின் தந்தையும் ஏற்காட்டில் வசிப்பவருமான மாரியப்பன் (72) கூறுகையில், இப்படி ஒரு குளிரை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார்.' சொன்னதற்கு நேர் எதிர். மாரியப்பனுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலாவதி மறுபடி கோரிக்கை எழுதினாள். வெங்கடேஷ் மறுநாளே திருத்திவிட்டார். 'இவருடைய தாய் கமலா மறைந்துவிட்டார். தந்தை மாரியப்பன் ஏற்காட்டில் வசிக்கிறார்.' கூடவே, வாழ்த்துகள் ஐயா என்றும் எழுதியிருந்தார்.

ஒன்பது நாள் மாரியப்பன் ஏற்காட்டில் வசித்தார். தினமும் காலையில் கடைக்கு வந்து அந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டுப் போவார். அந்த ஒன்பது நாளும் போனை உடம்பை விட்டுப் பிரிக்கவில்லை. குளிக்கும்போது பாத்ரூம் ஜன்னலில் வைத்தார், மணி கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினார். தன் பக்கத்தை மகன் பார்க்காமலா இருப்பான்? பார்த்தால் கூப்பிடாமலா இருப்பான்? கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்.

ஒருநாள் போன் அடித்தது. கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்றார்கள்.

பத்தாம் நாள் கடைக்கு வந்தபோது கலாவதி திரையைத் திருப்பவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றபிறகு வேறு வழியில்லாமல் காட்டினாள். 'குடும்பம்' என்ற தலைப்பே அங்கே இல்லை. உரையாடல் பக்கத்தில், மாரியப்பனுடைய கோரிக்கைக்கு நேர் கீழே, இன்னொரு கோரிக்கை இருந்தது. நாங்கள் திரு. அருண்குமார் அவர்களின் அலுவலகம், இதற்காகச் சம்பளம் பெறுகிறோம் என்று விதிப்படி உறவைச் சொல்லிவிட்டு, குடும்ப விவரங்கள் பொதுவில் இருப்பதை அவர் விரும்பவில்லை, அந்தப் பகுதியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டால் அதை மதிப்பது வழக்கம் என்று சொல்லி, வெங்கடேஷ் நீக்கிவிட்டிருந்தார்.

பார்த்துவிட்டான். மாரியப்பனுக்கு முதலில் தோன்றியது அதுதான். அப்பா என்று அவர் எழுதச் சொன்னதை மகன் படித்திருக்கிறான். படித்தபிறகுதான் இதைச் செய்திருக்கிறான்.

திரையை மேலும் கீழும் நகர்த்தச் சொன்னார். கலாவதி நகர்த்தினாள். அருண்குமார் சேலத்தில் பிறந்தான், அங்கேயே படித்தான், ஆறு தேர்தல்களில் வேலை செய்தான். யாருக்குப் பிறந்தான் என்பது எங்குமே இல்லை.

"கமலா பேரும் போயிருச்சுங்களா?" என்றார்.

கலாவதி தலையை மட்டும் ஆட்டினாள். தன்னால் வந்த வினை என்று மாரியப்பனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளாக மகனுக்குப் பக்கத்தில் கமலாவாவது இருந்தாள். செத்துப்போனவராகத் தானும் கூடவே இருந்தார். பேசாமல் இருந்திருந்தால் மூன்று பேரும் ஒரே வரியில் இருந்திருக்கலாம்.

வேறு மாதிரி இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று கலாவதி ஆரம்பித்தாள். மாரியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்கலாமுங்க. நாஞ் சொல்லச் சொல்ல அடிங்க அம்மிணி. பழைய வரியவே திருப்பிப் போடச் சொல்லுங்க."

"ஏனுங்கய்யா, அதுல நீங்க..."

"தெரியுமுங்க. அது அப்படியே இருக்கட்டுங்க. கமலா பேராவது அவம் பக்கத்துல இருக்கும்."

கலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. அடித்தாள். அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் மாற்றி, வரிவரியாக வாசித்துக் காட்டினாள். 'நான் அருண்குமாரின் தந்தை மாரியப்பன். குடும்பம் என்ற பகுதியைப் பழையபடியே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் என் மனைவியும் ஒரே வாரத்தில் மறைந்ததாக அதில் இருந்தது. அது தவறு என்று முன்பு எழுதினேன். தவறு இல்லை.'

அவ்வளவுதானா என்று கேட்டாள். மாரியப்பன் வெளியே பார்த்தார். அடிவாரத்திலிருந்து ஏறிவந்த பத்து மணி பஸ் நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு போடுங்க. 'அவன் சொன்னதுதான் சரி. அது வியாழக்கிழமை காலையில். குடத்தைத் தூக்கினது நான்தான்.'"

என்ன குடம் என்று கலாவதிக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அப்படியே அடித்து அனுப்பினாள். இந்தக் கோரிக்கையை ஏற்கமாட்டார்கள், பெற்றவரே உயிரோடு வந்து கேட்டாலும் விதி விதிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உரையாடல் பக்கத்தில் எழுதியதை யாரும் அழிப்பதில்லை, அது அங்கேயே கிடக்கும் என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

"அங்க கெடந்தா அவன் படிப்பானுங்களா?"

"முன்ன எழுதுனதப் படிச்சாருங்களே. இதையும் படிப்பாருங்க."

மாரியப்பன் தலையாட்டினார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். அடுத்த நவம்பருக்கு விரலை வைக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.